நோயாளியின் இரகசியமும் உழைச்செல்வானும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, பக்கத்தில் இருந்து அம்மருந்தைக் கொடுப்பவன் என்பன அந்நான்கு. உழை என்றால் பக்கம். பக்கத்தில் நின்று பணிபுரியும் அந்த நான்காமவனை அவர் உழைச்செல்வான் என்கிறார். மருத்துவரைக் கைராசிக்காரர் என்று புகழ்கிறோம். மருந்தின் விலை ஏறிவிட்டதென்று குறைபட்டுக்கொள்கிறோம். நோயாளியோ நாமேதான். உழைச்செல்வானை மட்டும் கண்டும் காணாமல் கடந்துவிடுகிறோம். ஆயினும், பெற்ற தாயிடம்கூடச் சொல்லத் தயங்கும் நம் உடம்பின் செய்திகள் அவன் கைவழியாகத்தான் நடமாடுகின்றன.

நடுத்தரமான ஓர் ஊரில் இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து நடத்தும் மருத்துவமனை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். வாயிலில் டோக்கன் கொடுப்பவர், பெயரும் வயதும் கேட்டு நோட்டில் எழுதும் வரவேற்பாளர், எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும் நர்ஸ், ஊசி போடும் மற்றொரு நர்ஸ், இரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன், ஸ்கேன் அறையில் உதவும் ஆயா, மருந்துச் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துத் தரும் கம்பவுண்டர், பணம் வாங்கி ரசீது போடுபவர், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தாள்களை அனுப்பும் எழுத்தர், மாலையில் குப்பைக் கூடையைக் காலி செய்பவர். டாக்டர் ஒருவரிடம் மட்டும் சொன்னதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும் செய்தி இந்தப் பத்துப் பேரைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நம் கல்லூரியில் வணிகவியலும் கணினிப் பயன்பாடும் படித்து வெளியேறும் நண்பர்கள் நாளை அமரக்கூடிய இருக்கைகளும் இவற்றுள் உண்டு. ஆகவே இது மருத்துவக் கல்லூரி மாணவருக்கு மட்டும் உரிய பொருளன்று.

மருத்துவரின் நாவைக் கட்டும் நெறி மிகப் பழையது. இந்தப் பத்துப் பேரைக் கட்டும் சட்டமோ இன்னும் பாதி வழியில் நிற்கிறது. நோயாளியின் இரகசியத்தைச் சபதத்தால் காப்பதைவிட, வேலை நடக்கும் முறையால் காப்பதே உறுதியானது என்பது என் கருத்து. ஏன் அவ்வாறு கருதுகிறேன் என்பதை இனிக் காண்போம்.

சபதம் ஏற்றவரும் ஏற்காதவரும்

கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் உறுதிமொழி, சிகிச்சையின்போது கண்டதையும் கேட்டதையும் மட்டுமின்றி, சிகிச்சைக்கு வெளியே மனிதரோடு பழகும்போது அறிந்ததையும், சொல்லத் தகாததாயின் சொல்லாதிருக்க மருத்துவனைக் கட்டுப்படுத்துகிறது. நம் நாட்டில் சரக சம்ஹிதையின் விமான ஸ்தானம் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் கட்டளைகளைத் தொகுத்துச் சொல்கிறது. நோயாளியின் வீட்டுக்குள் சென்று கண்ட குடும்பச் செய்திகளை வெளியே எடுத்துச் செல்லாதே என்பது அவற்றுள் ஒன்று.

ஆனால் அதே சரக சம்ஹிதை, வள்ளுவரைப் போலவே மருத்துவத்தை நான்கு பாதங்களாகப் பிரித்து, பணியாளனுக்கு வேண்டிய பண்புகள் நான்கு என எண்ணுகிறது. பணிவிடை செய்யும் அறிவு, திறமை, நோயாளியிடம் அன்பு, தூய்மை என்பன அவை. வாய்காத்தல் அப்பட்டியலில் இல்லை! அக்காலத்தில் பணியாளன் பெரும்பாலும் வீட்டைச் சேர்ந்தவனாகவே இருந்திருப்பான். வீட்டுச் செய்தி வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

செவிலியருக்கென ஒரு சபதம் 1893ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரச் செவிலியர் பள்ளி ஒன்றில் உருவாயிற்று. நைட்டிங்கேல் சபதம் என்று அதற்குப் பெயரே தவிர, நைட்டிங்கேல் அம்மையார் எழுதியதன்று. தம்மை நம்பிச் சொல்லப்பட்ட சொந்தச் செய்திகளையும், பணியில் இருக்கும்போது தெரியவரும் குடும்பச் செய்திகளையும் காப்பதாக அதில் ஓர் உறுதி உண்டு. நம் செவிலியர் கல்லூரிகளில் விளக்கேற்று விழா நடக்கும்போது மாணவியர் கூறுவது இந்தச் சபதத்தைத்தான். ஆகப் பத்துப் பேரில் நர்சுகள் இருவர் சபதம் ஏற்றவராகிறார்கள் (அவ்விருவரும் முறையாகப் பயின்றவர்களாக இருந்தால்!). மற்ற எண்மரும் சேர்ந்த அன்றே சம்பளம் எவ்வளவு, வார விடுமுறை எந்நாள் என்பதைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் அமர்ந்தவர்கள்.

வாய் தவறுவது எங்கே?

பணத்துக்காக இரகசியத்தை விற்பவர் உலகில் இல்லாமலில்லை. 1987இல் இங்கிலாந்தில் ஒரு செய்தித்தாள், எய்ட்ஸ் நோய் கண்டிருந்த இரண்டு மருத்துவர்களைப் பற்றிய தகவலைச் சுகாதாரத் துறை ஊழியர்களுக்குப் பணம் கொடுத்துப் பெற்றது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, வெளியிடக் கூடாதென்று நிரந்தரத் தடை விதிக்கப்பட்டது. மருத்துவமனை ஏடுகளில் உள்ளது வெளியாகாது என்ற நம்பிக்கை போய்விட்டால் நோயாளிகள் சிகிச்சைக்கே வரமாட்டார்கள் என்பது அவ்வழக்கில் எடைபோடப்பட்ட முக்கியமான கருத்து.

எனினும் நம் ஊர்களில் இரகசியம் வெளியாவது பெரும்பாலும் பணத்தாலும் அன்று, பகையாலும் அன்று, பாசத்தால்தான். கம்பவுண்டரும் நோயாளியும் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். மாலையில் டீக்கடையில் மாமனாரைப் பார்க்கிறார். “என்னண்ணே, உங்க மருமகள நேத்து நம்ம ஆஸ்பத்திரியில பாத்தேனே, ஏதும் விசேஷமா?” என்று வாஞ்சையோடு கேட்கிறார். நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. மருந்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் வீட்டில் சொல்லாமல் வந்திருந்தால்? ஒருவர் ஒரு மருத்துவமனைக்கு வந்தார் என்பதே இரகசியந்தான். தோல் மருத்துவர், மனநல மருத்துவர், குழந்தைப் பேறின்மை சிகிச்சை மருத்துவர் ஆகியோரிடம் வந்தவர் விஷயத்தில் வாயிற்பலகையே பாதிச் செய்தியைச் சொல்லிவிடுமல்லவா? பணியாளர் பலர் அறியாத நுணுக்கம் இதுவே. அவர்கள் நோயை மறைக்கத் தெரிந்தவர்கள். வருகையை மறைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

வருகைப் பதிவு நோட்டு மேசைமேல் விரித்தபடி கிடக்கும். பெயரெழுத வருபவர் தமக்கு மேலுள்ள பத்து வரிகளையும் படித்துவிட்டே எழுதுகிறார். கூடம் நிறைய ஆட்கள் அமர்ந்திருக்க, “சளி டெஸ்ட் குடுத்தது யாரு?” என்று லேப் வாசலிலிருந்து ஒரு குரல். பரிசோதனை முடிவு வாட்ஸ்அப்பில் அனுப்பப்படுகிறது. நோயாளி கொடுத்த எண்ணோ அண்ணனுடையது. இவற்றில் எங்கும் கெட்ட எண்ணம் இல்லை. வேலை வேகமாக முடிய வேண்டும் என்ற நல்லெண்ணமே இருக்கிறது.

2020இல் கொரோனா பரவியபோது இதே நிலையை நாடு முழுவதும் கண்டோம். நோயுற்றவர் வீட்டு வாயிலில் தாள் ஒட்டப்பட்டது. பல ஊர்களில் பெயர்ப் பட்டியல்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தன. அவ்வாண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி தனியாக ஆணையிட்டாலன்றி வீட்டு வாயிலில் அத்தகைய அறிவிப்புகளை ஒட்டக் கூடாது என்று கூறியது. அதற்குள் எத்தனையோ வாயில்களில் ஒட்டியாயிற்று.

வேறொரு வகை நெருக்கடியும் உண்டு. கேட்டு வருபவர் பெரிய மனிதராக இருப்பார். பெண் பார்த்துவிட்டுச் சென்ற மாப்பிள்ளை வீட்டாருக்கு வேண்டியவர், நோயாளி வேலை பார்க்கும் ஆலையின் மேலாளர், ஊர்த் தலைவர் என்று யாராவது வந்து நின்று, “சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்” என்பார். குறைந்த சம்பளத்தில் இருக்கும் ஒரு பெண் அவர் முகத்துக்கு நேரே மறுப்பது எளிதா? “இங்கே யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு எழுதி வச்சிருக்காங்க சார், டாக்டரைத்தான் பாக்கணும்” என்று சொல்ல ஒரு விதி கையில் இருந்தால் அவள் தப்பித்துக்கொள்வாள். இரகசிய விதி நோயாளிக்கு மட்டும் காவல் என்று நினைப்பது தவறு. பணியாளருக்கும் அதுவே காவல்.

வக்கீல் குமாஸ்தாவும் டாக்டரின் கம்பவுண்டரும்

சட்டத்தில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்னதை அவர் இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடக் கூடாது என்று 126ஆம் பிரிவில் விதித்தது. அதோடு நிற்கவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கும், வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கும், வேலைக்காரருக்கும் அது பொருந்தும் என்று அடுத்த பிரிவிலேயே சேர்த்துக்கொண்டது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமும் 132ஆம் பிரிவில் அதே பாதுகாப்பைத் தொடர்கிறது. ஆக, வக்கீல் குமாஸ்தாவின் நாவைச் சட்டம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நினைத்துப் பார்த்துவிட்டது.

மருத்துவருக்கு அந்தச் சலுகை இல்லை. 1776இல் லண்டனில் பிரபுக்கள் சபைமுன் நடந்த கிங்ஸ்டன் சீமாட்டியின் வழக்கில், தொழில் முறையில் தமக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டுமா என்று ஓர் அறுவை மருத்துவர் கேட்டார். தாமாகச் சொன்னால் அது நம்பிக்கைத் துரோகம். நீதிமன்றம் கேட்டுச் சொன்னால் அவ்வாறன்று என்று விடை வந்தது. அன்று போட்ட கோடு இன்றும் ஏறக்குறைய அங்கேயே இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக நடத்தை விதிகள், பதிவு பெற்ற மருத்துவர் நோயாளியின் இரகசியத்தை வெளியிடலாகாது என்று கூறி, மூன்று விலக்குகளை மட்டும் தருகின்றன. நீதிபதியின் ஆணை, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமுதாயத்துக்கோ நேரவிருக்கும் கடுமையான ஆபத்து, அறிவிக்கப்பட வேண்டிய நோய் ஆகியவை அம்மூன்று. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்துவிட்டதால் பழைய விதிகளே செல்லுபடியாகின்றன.

மருத்துவர் தவறினால் மருத்துவக் கழகம் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். செவிலியருக்கும் அவ்வாறே ஒரு கழகமும் ஒரு பதிவேடும் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கான சட்டம் 1926லேயே வந்துவிட்டது. டோக்கன் கொடுப்பவர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறார்? நீக்குவதற்கு அவர் பெயர் எங்கும் எழுதப்படவில்லையே! அவரைக் கட்டுப்படுத்துவது முதலாளியோடு அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டுமே. சிறிய மருத்துவமனைகளில் அவ்வொப்பந்தம் பெரும்பாலும் வாய்வார்த்தைதான்.

நின்றுபோன ஒரு திருமணம்

இப்பொருளில் நம் நாட்டின் முதன்மையான வழக்கு சென்னையில் தோன்றியது. 1995இல் நாகாலாந்து அரசின் மருத்துவப் பணியிலிருந்த மருத்துவர் ஒருவர், நோயுற்ற அமைச்சர் ஒருவருக்குத் துணையாகச் சென்னைக்கு வந்தார். அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் தேவைப்பட்டபோது தாமும் கொடுக்க முன்வந்தார். இரத்தத்தைச் சோதித்ததில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள் நடக்கவிருந்த அவருடைய திருமணம் நின்றுபோயிற்று. செய்தி ஊரெல்லாம் பரவவே, சொந்த மக்களாலேயே ஒதுக்கப்பட்டு, ஊரைவிட்டுச் சென்னைக்கே வந்து குடியேற வேண்டியவரானார். மருத்துவமனை இரகசியத்தைக் காக்கவில்லை என்று அவர் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றத்தை எட்டியது. தீர்ப்பில் அவர் ‘எக்ஸ்’, மருத்துவமனை ‘இசட்’.

1998 செப்டம்பர் 21ஆம் நாள் தீர்ப்பு வந்தது. இரகசியம் காக்கும் கடமை உண்மையே. ஆனால் அது வரம்பற்றதன்று. மணக்கவிருந்த பெண்ணின் உடல்நலத்துக்கும் உயிருக்கும் உள்ள உரிமை அதைவிட மேலோங்கி நிற்கும் என்று நீதிபதிகள் கருதினர். அவருடைய திருமண உரிமையைக் குறித்தும் அத்தீர்ப்பில் சில கடுமையான கருத்துகள் இடம்பெற்றன. அவை அவ்வழக்குக்குத் தேவையற்றவை என்று 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு தெளிவுபடுத்தியது.

அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியது அவசியம் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் ஒரு பெண்ணுக்குத் தெரிவது வேறு, ஓர் ஊருக்கே தெரிவது வேறு. யார், யாரிடம், எந்த வழியாகச் சொல்லலாம் என்ற கேள்விக்குத் தீர்ப்பில் தெளிவான விடை கிடைக்கவில்லை. அவ்விடை 2018 செப்டம்பர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தில்தான் வந்தது. நம்பிக்கையின் பேரில் தமக்குத் தெரியவந்த ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவருடைய இசைவின்றி எவரும் வெளியிடலாகாது என்கிறது அதன் 8ஆம் பிரிவு. மருத்துவர் என்று சொல்லாமல் எவரும் என்று சொன்னதே இங்குக் கவனிக்கத்தக்கது. 9ஆம் பிரிவு துணைவருக்குச் சொல்லும் வழியை வகுக்கிறது. மருத்துவரோ ஆலோசகரோ மட்டுமே சொல்லலாம். மருத்துவமனையைச் சேர்ந்த வேறு எவரும் சொல்லக் கூடாது. அவர்களும் முதலில் நோயாளியையே சொல்லும்படி அறிவுறுத்த வேண்டும். அவர் சொல்லப்போவதில்லை என்று தெளிந்த பின், தாம் சொல்லப்போவதை அவருக்கு அறிவித்துவிட்டே சொல்ல வேண்டும். பத்துப் பேரின் வாயை மூடி, ஒருவர் வாயை மட்டும், அதுவும் அளவோடு திறக்கும் ஏற்பாடு இது. எக்ஸ் வழக்கின் காலத்தில் இப்படியொரு சட்டம் இருந்திருந்தால் திருமணம் அப்போதும் நின்றிருக்கலாம். ஆனால் அவர் ஊரைவிட்டுப் போகவேண்டியிருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பெயருக்குப் பதிலாக எண்

மேலே கூறியவை எல்லாம் ‘சொல்லாதே’ என்று பணிக்கும் சட்டங்கள். சொல்லவே முடியாதபடி செய்த சட்டம் ஒன்றும் நம் நாட்டில் உண்டு. அதுவும் பழையது என்பது வியப்புக்குரியது.

1971இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தின் ஒழுங்குமுறை விதிகளை எடுத்துப் பாருங்கள். சிகிச்சைக்கு வரும் பெண்ணின் பெயர் அனுமதிப் பதிவேடு என்ற ஒரே ஏட்டில்தான் எழுதப்பட வேண்டும். அந்த ஏடு இரகசிய ஆவணம். அதில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரிசை எண். ஆண்டு பிறந்ததும் எண் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கும். எண்ணோடு ஆண்டும் சேர்த்து 5/1972 என்பது போல் எழுதப்படும். அவள் கொடுத்த ஒப்புதல் தாளை உறையிலிட்டு, முத்திரையிட்டு, மேலே வரிசை எண்ணையும் மருத்துவர் பெயரையும் எழுதி, ‘இரகசியம்’ என்று குறிக்க வேண்டும். இதன்பின் வருவதே நுட்பமான பகுதி. கேஸ் ஷீட், அறுவை அரங்கின் பதிவேடு, மறுவருகைக்கான அட்டை ஆகிய எதிலும் அவள் பெயர் வரக் கூடாது. வரிசை எண் மட்டுமே வரலாம். பதிவேட்டை ஆண்டு முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகள் காத்து வைக்க வேண்டும்.

இதனால் விளைவது என்ன? அறுவை அரங்கில் உதவும் ஆயாவின் கையிலுள்ள தாளில் பெயர் இல்லை. அதைப் பிரதியெடுக்கும் எழுத்தருக்கும் பெயர் தெரியாது. அவர்கள் நல்லவர்களா, வாய் ஓட்டையானவர்களா என்ற கேள்வியே எழவில்லை. தாளில் இல்லாத பெயரை யாரும் டீக்கடையில் உச்சரிக்க முடியாது. (முகம் தெரிந்தவரை எண்ணால் மறைக்க முடியாதுதான், ஆனால் தாள் போகுமிடமெல்லாம் முகமும் கூடவே போவதில்லை.) 2021ஆம் ஆண்டின் திருத்தம், பெயரை வெளிப்படுத்தும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை என்று புதிதாகச் சேர்த்தது. தண்டனை வேண்டியதே. ஆயினும் பழைய விதியின் அந்த வரிசை எண் செய்யும் வேலையைத் தண்டனை செய்யுமா என்பது எனக்கு ஐயமே. மற்ற நோய்களுக்கும் இம்முறையை ஏன் மேற்கொள்ளவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. லேப் வாசலில் பெயரையும் பரிசோதனையையும் கூவுவதற்குப் பதிலாக டோக்கன் எண்ணைக் கூவினால் யாருக்கு என்ன நட்டம்?

பின்லாந்து நாட்டுச் செவிலியர்

சக பணியாளரிடமிருந்தே காக்க வேண்டிய இரகசியமும் உண்டு. பின்லாந்து நாட்டில் ஒரு செவிலியர். 1987இல் அவருக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அதற்கான சிகிச்சையைப் பொது மருத்துவமனை ஒன்றின் தொற்றுநோய்ப் பிரிவில் பெற்றுவந்தார். 1989 முதல் அதே மருத்துவமனையின் கண் பிரிவிலேயே அவருக்கு வேலை. 1992இன் தொடக்கத்தில் உடன் வேலை செய்பவர்களின் போக்கு மாறியதைக் கண்டு, தம் நோய் அவர்களுக்குத் தெரிந்துவிட்டதோ என்று ஐயுற்றார். அக்காலத்தில் அம்மருத்துவமனையின் பணியாளர் யாரும் எந்த நோயாளியின் ஏட்டையும் பார்க்கலாம், தடையில்லை. அவர் முறையிட்ட பின்னரே சிகிச்சை அளிக்கும் பிரிவினர் மட்டும் பார்க்கலாம் என்று மாற்றினர்.

யார் பார்த்தார்கள் என்று கண்டுபிடித்துத் தருமாறு பின்னர் கேட்டார். முடியாது என்று விடை வந்தது. கடைசி ஐந்து முறை பார்க்கப்பட்டது மட்டுமே பதிவில் தெரியும். அதுவும் எந்தப் பிரிவு என்று தெரியுமே தவிர, எந்த ஆள் என்று தெரியாது. ஏடு காப்பறைக்குத் திரும்பியதும் அக்குறிப்பும் அழிந்துவிடும். பார்த்தவர் யாரென்று நிரூபிக்கப்படவில்லை என்று கூறி உள்நாட்டு நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 ஜூலை 17ஆம் நாள் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. யார் பார்த்தார் என்று நோயாளியால் நிரூபிக்க முடியாமற்போனதற்கே மருத்துவமனையின் பதிவுமுறைதான் காரணம். அவ்வாறு ஒரு முறையை வைத்திருந்ததே தனிவாழ்வு உரிமையை மீறியதாகும் என்பது அதன் சாரம். மனவேதனைக்காக 8,000 யூரோவும், பிற இழப்புக்குத் தனித்தொகையும் கொடுக்க ஆணையிட்டது.

எந்தப் பணியாளரும் குற்றவாளி என்று இத்தீர்ப்பு சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திறந்து கிடந்த ஏட்டையே அது குற்றம் சாட்டியது. மேசைமேல் விரித்துக் கிடக்கும் நம் ஊர் நோட்டை நினைத்துக்கொள்க. இங்கிலாந்திலும் 1997இல் கால்டிகாட் அம்மையார் தலைமையில் அமைந்த குழு, ஒரு செய்தியைப் பார்க்க வேண்டிய வேலை யாருக்கு இருக்கிறதோ அவர் மட்டுமே, வேண்டிய அளவு மட்டுமே பார்க்கலாம் என்று நெறி வகுத்தது. மருத்துவமனையில் வேலை பார்ப்பது வேறு, அந்த நோயாளிக்காக வேலை பார்ப்பது வேறு.

முறையில்லாவிட்டால் பணியாளர் என்ன பாடுபடுவர் என்பதற்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2012 டிசம்பர் 4ஆம் நாள் விடியற்காலை, லண்டன் மருத்துவமனை ஒன்றில் தொலைபேசி மணி அடித்தது. இளவரசர் வில்லியமின் மனைவி கருவுற்ற நிலையில் அங்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார். வரவேற்பாளர் பணிக்கு வராத நேரம். செவிலியர் ஒருவர் எடுத்தார். மறுமுனையில் அரசியாரின் குரல் போல் ஒரு குரல். அவர் உள்ளே இணைப்புக் கொடுக்க, மற்றொரு செவிலியர் நோயாளியின் நிலையைச் சொல்லிவிட்டார். பேசியவர்கள் ஆஸ்திரேலிய வானொலி நிலையமொன்றின் அறிவிப்பாளர்கள், விளையாட்டாகச் செய்தது. உலகமே சிரித்தது. இணைப்புக் கொடுத்த செவிலியர் மூன்று நாள் கழித்துத் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வந்த அழைப்பில் எதையும் சொல்லாமல், நமக்குத் தெரிந்த எண்ணுக்கு நாமே திரும்ப அழைத்துப் பேசுவது என்ற சிறு வழக்கம் இத்தகைய வேளையில் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கும்!

சட்டம் எட்டும் தூரம்

2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து தனிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்த பின் சட்டங்கள் சற்று விரைந்து வருகின்றன. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசிய உரிமையைத் தனிப் பிரிவாக வைத்து, கணினியில் உள்ள செய்திக்கும் அதை விரிக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் கொடுத்த சொந்தச் செய்தியைச் சட்டத்துக்குப் புறம்பாகப் பிறருக்கு வெளியிடுவதை முறையற்ற வணிகம் என்கிறது. கட்டணம் வாங்கும் மருத்துவமனை இதில் அகப்படும். முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை, 1995இல் உச்சநீதிமன்றம் வகுத்த கோட்டின்படி, நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. ஏழைக்கு எஞ்சுவது உயர்நீதிமன்றப் படிதான். அதில் ஏற அவனால் முடியுமா என்பது வேறு கதை.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்று அச்சுறுத்துகிறது. ஆனால் அது கணினியில் ஏறிய செய்திக்கு மட்டுமே உரியது. காகித நோட்டு அதன் வரம்புக்குள் வாராது.

சொல்ல வேண்டியவையும் உண்டு. காசநோய் 2012 முதல் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். அடிதடிக் காயத்தோடு வருபவரைப் பற்றிக் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். நோயாளியே தம் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதி கூறுகிறது. சில இடங்களில் உரியவருக்கே கொடுக்க மறுப்பதை இரகசியம் காத்தல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! சொல்ல வேண்டியதைச் சொல்வது மருத்துவர் வழியாக, உரிய தாளில். வார்டு பாய் தெருமுனையில் சொல்வது அறிவிப்பாகாது.

வேலையை விட்ட பின்னும் கடமை விடுவதில்லை. நோயாளி இறந்த பின்னும் அப்படியே. வின்ஸ்டன் சர்ச்சில் 1965இல் மறைந்தார். அவருடைய மருத்துவரான மோரன் பிரபு மறு ஆண்டே அவருடைய உடல்நிலையைப் பற்றி நூலெழுதி வெளியிட்டபோது மருத்துவ உலகில் பெருங்கண்டனம் எழுந்தது.

கடைசியாக, பழைய நோட்டுகள். மருத்துவக் கழக விதிப்படி, உள்நோயாளியின் ஏடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்குப் பின் எப்படி அழிப்பது என்பதை அவ்விதி சொல்லவில்லை. நம் ஊர்களில் காகிதத்துக்கு ஒரு மறுபிறவி உண்டு. எடைக்குப் போனது பொட்டலமாகத் திரும்பி வரும். சுண்டலைத் தின்றுவிட்டுத் தாளைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டே! ஆயுத பூஜைக்கு முன் அறையைச் சுத்தம் செய்யும்போது, “பழசையெல்லாம் எடுத்துக் கடையில போட்டுடு” என்று கட்டளை பெறுபவர் அந்தப் பத்துப் பேரில் கடைசியாக நிற்பவர்தான். எதைக் கிழித்து எரிக்க வேண்டும், எதை எடைக்குப் போடலாம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருப்பதில்லை.